பெங்களூருக்கு வராத படகுகள்: நந்தி மலை நீரும் பக்கிங்காம் கால்வாயும்

2023 ஜனவரி 13ஆம் நாள் வாரணாசியிலிருந்து ‘கங்கா விலாஸ்’ என்னும் ஆற்றுக் கப்பல் புறப்பட்டது. 51 நாட்கள், ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், வங்கதேசத்தின் ஊடாகத் திப்ரூகர் வரை. அதன்பின் ‘பல நாள் ஆற்றுப் பயணம்’ என்ற தொடர் நம் செய்தித்தாள்களில் சுற்றுலாத் துறையின் சொல்லாக நிலைபெற்றுவிட்டது. தென்னிந்தியாவிலும் அத்தகைய பயணங்களைத் தொடங்கலாமே என்ற பேச்சு வரும்போதெல்லாம் பக்கிங்காம் கால்வாயின் பெயர் அடிபடுகிறது. கூடவே அக்கால்வாயைப் பற்றிய இரண்டு வாக்கியங்களும் தவறாமல் பகிரப்படுகின்றன. ஒன்று: ‘பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்க ஆங்கிலேயர் வெட்டிய கால்வாய் இது.’ மற்றொன்று: ‘ரயில் வந்ததும் கால்வாய் செத்தது.’ இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றியே இந்தப் பதிவு. சற்று நீளமானது, மாணவ நண்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1. படகு இல்லாத நகரமும் அதன் ஆறுகளும்

பெங்களூரில் அமர்ந்து நீர்வழிப் பயணத்தின் வரலாற்றை எழுதுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். இந்நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு நீர்ப்பிரி மேட்டின்மீது அமைந்தது. ஏரிகளால் வாழ்ந்த ஊர் இது. படகு செல்லும் ஆறு இங்கு இருந்ததில்லை. ஆனால் மேட்டில் இருப்பதனாலேயே பல ஆறுகளின் தொடக்கம் இதன் அருகில் அமைந்திருக்கிறது. நகருக்கு வடக்கே நந்தி மலையையும் அதையடுத்த குன்றுகளையும் எண்ணிப் பாருங்கள். அர்க்காவதி அங்கிருந்து இறங்கிக் காவிரியில் கலக்கிறது. தென்பெண்ணை கிழக்கே சென்று கடலூரருகே கடலை அடைகிறது. வடபெண்ணை ஆந்திரத்தைச் சுற்றி நெல்லூரைக் கடந்து கடலில் விழுகிறது. பாலாறும் அதே வட்டாரத்தில், கோலார்ப் பக்கத்தில் தோன்றி, வேலூர், காஞ்சிபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலைச் சேர்கிறது.

இந்த நான்கில் வடபெண்ணையும் பாலாறும் கடலில் கலப்பதற்குச் சற்று முன்பாக ஒரே கால்வாயைக் குறுக்கிடுகின்றன. அதுதான் பக்கிங்காம் கால்வாய். ஒரே மலைப்பகுதியில் பிறந்த இரண்டு ஆறுகள் சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் கடற்கரையை அடைகின்றன. அவ்விரண்டு முகத்துவாரங்களையும் கடலுக்குள் இறங்காமலே ஒரு படகு தொட்டுவிட முடிந்தது. இடையில் இருந்த பெருநகரம் சென்னை. பெங்களூரின் நீர் சென்று சேர்ந்த இடத்தில்தான் தென்னிந்தியாவின் மிக நீண்ட நகர்நோக்கிய படகுப் பயணம் நடந்தது.

2. பெயருக்கு முன்பே இருந்த கால்வாய்

பக்கிங்காம் கோமகன் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தது 1875 முதல் 1880 வரை. கால்வாயோ 1801இல் தொடங்கியது. இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது.

தொடங்கியவர் பேசில் காக்ரேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியாளராக வந்து, கடற்படைக்கு உணவுப்பொருள் வழங்கும் ஒப்பந்தங்களால் செல்வந்தரானவர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஏறத்தாழ 11 மைல் நீளத்துக்கு உப்புநீர்க் கால்வாய் ஒன்றை அவர் வெட்டினார். 1806இல் அது திறக்கப்பட்டது. பணி தொடங்கிய காலத்து ஆளுநரின் பெயரால் கிளைவ் கால்வாய் என்றும், பின்னர் காக்ரேன் கால்வாய் என்றும் வழங்கியது. பழவேற்காடு ஏரி வரை அது நீண்டது. படகுகளிடமிருந்து சுங்கம் வாங்கும் உரிமையுடன் நடந்த தனியார் முதலீடு அது. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்வாய்ப் பங்குகளை வாங்கும் மோகம் எழுந்ததே, அதன் ஓர் அலை சோழமண்டலக் கரையில் மோதியதாக இதைக் கொள்ளலாம். காக்ரேன் பின்னாளில் லண்டன் திரும்பி நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். இந்தியாவிலிருந்து சென்ற நூலாசிரியர் சேக் தீன் முகமது அங்குதான் சிலகாலம் பணியாற்றினார் என்பது ஒரு கிளைச்செய்தி.

1837இல் கம்பெனி அரசு கால்வாயைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1850களில் வடக்கே துகராஜபட்டினம் நோக்கியும் தெற்கே பாலாறு நோக்கியும் வெட்டும் வேலை நடந்தது. பின்னர் கிருஷ்ணபட்டினம், இறுதியில் கிருஷ்ணா கழிமுகத்தின் தென்விளிம்பான பெத்தகஞ்சாம் வரை வடபகுதி நீண்டது. தென்பகுதி மரக்காணத்தில் முடிந்தது. அக்காலத்து ஆவணங்களில் இதற்குக் ‘கிழக்குக் கடற்கரைக் கால்வாய்’ என்று பெயர். பொறியாளர் ஏ. எஸ். ரஸ்ஸல் 1898இல் வெளியிட்ட இக்கால்வாயின் வரலாறு, படிப்படியாக நடந்த இந்த வளர்ச்சியைப் பின்தொடர விரும்புவோர்க்கு இன்றும் முதல் நூல்.

அப்படியானால் பஞ்சத்தின் பங்கு என்ன? 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, 1877–78இல், சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்த் துண்டு வெட்டப்பட்டது. அதுவரை வடகால்வாயும் தென்கால்வாயும் நகரத்தின் இருபுறமும் தனித்தனியே நின்றன. அத்துண்டு அவற்றை ஒன்றாக்கியது. அது முடிந்த பிறகே முழு நீர்வழிக்கும் ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டது. மொத்தம் 420 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கால்வாயில் இணைப்பாக வெட்டப்பட்ட இச்சிறு பகுதியின் கதை, முழுமையின் கதையாகிவிட்டது. வணிக ஆதாயத்துக்காகவும் உப்பு வருவாய்க்காகவும் வெட்டப்பட்ட ஒரு நீர்வழி, பெயர் சூட்டப்பட்ட கணத்திலிருந்து அரசின் கருணைச் செயலாக நினைவுகூரப்படத் தொடங்கியது.

3. ஒரே பஞ்சம், இரண்டு பாதைகள்

அந்த 8 கிலோமீட்டரை வெட்டியவர்கள் யார்? கிராமங்களில் விளைச்சலின்றி, விலை ஏற்றத்தில் தானியம் வாங்க இயலாமல் நகரை நோக்கி வந்தவர்கள். 1877இன் தொடக்கத்தில் அரசின் பஞ்சப் பிரதிநிதியாக அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வரையறுத்தார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், உடலுழைப்புச் செய்யும் மனிதர் இந்த அளவில் உயிர் தாங்க முடியாது என வாதிட்டார். அதே ஆண்டில் அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. ‘டெம்பிள் கூலி’ என்று வரலாற்றில் பெயர் பெற்ற அந்த அளவு, மண்வெட்டி பிடித்த கைக்கு எவ்வளவு உணவு தரலாம் என்று ஓர் ஆட்சி கணக்கிட்டுப் பார்த்ததன் பதிவு. வில்லியம் டிக்பி 1878இல் எழுதிய தென்னிந்தியப் பஞ்ச வரலாற்றில் இவ்விவாதங்கள் விரிவாக உள்ளன.

அதே பஞ்சம் பெங்களூரையும் தாக்கியது. அப்போது மைசூர் நாடு ஆங்கில ஆணையரின் நேரடி ஆட்சியில் இருந்தது. ஆட்சியின் இருக்கை பெங்களூர். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 50 லட்சத்தைத் தாண்டியிருந்த மைசூர் நாட்டின் மக்கள்தொகை, 1881இல் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. பத்தாண்டில் வளர்ந்திருக்க வேண்டிய எண்ணிக்கை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இங்கும் பஞ்ச நிவாரணமாகப் பொதுப்பணிகள் தொடங்கின. அவற்றில் பெரியது பெங்களூர்–மைசூர் ரயில்பாதை; பஞ்சத் தொழிலாளர் மண்சுமந்து கட்டிய அப்பாதை 1882இல் மைசூரை அடைந்தது.

சென்னையில் கால்வாய், மைசூரில் இருப்புப்பாதை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். பஞ்ச நிவாரணம் என்பது புதிய திட்டங்களைத் தானே உருவாக்கவில்லை. ஏற்கெனவே வரைபடத்தில் காத்திருந்த திட்டங்களுக்கு மலிந்த உழைப்பை அது வழங்கியது. சென்னையில் காத்திருந்தது இரு கால்வாய்களை இணைக்கும் துண்டு. மைசூரில் காத்திருந்தது தலைநகரையும் அரண்மனை நகரையும் இணைக்கும் ரயில். இன்று மைசூர் ரயிலில் பயணம் செய்வோர் அதைப் பஞ்சத்தின் நினைவாகக் கருதுவதில்லை. கால்வாய்க்கோ பஞ்சம் மட்டுமே நினைவாக மிஞ்சியிருக்கிறது. பயன்பாட்டில் நிலைத்த ஒன்று தன் பிறப்பை மறக்க முடிகிறது. பயனிழந்த ஒன்றுக்குப் பிறப்புக் கதை மட்டுமே எஞ்சுகிறது.

4. பயணம் நடந்த விதம்

நீர்வழியின் முழு நீளத்தை மனத்தில் விரித்துக்கொள்வோம். காக்கிநாடாவில் புறப்படும் படகு காக்கிநாடா கால்வாய் வழியே 50 கிலோமீட்டர் வந்து கோதாவரியை அடையும். பின்னர் ஏலூரு கால்வாய், 139 கிலோமீட்டர். அது கிருஷ்ணாவில் சேர்க்கும். ஆற்றைக் கடந்து கொம்மமூரு கால்வாய், 113 கிலோமீட்டர், பெத்தகஞ்சாம். அங்கிருந்து சென்னைக்கு வடபக்கிங்காம் கால்வாய், 316 கிலோமீட்டர். சென்னைக்குத் தெற்கே மரக்காணம் வரை மேலும் 110 கிலோமீட்டர். களுவேலி ஏரியைக் கடந்தால் புதுச்சேரியின் எல்லை.

முதல் மூன்றும் நன்னீர்க் கால்வாய்கள். ஆர்தர் காட்டனின் தௌலேஸ்வரம் அணையும் விஜயவாடாவில் கட்டப்பட்ட கிருஷ்ணா அணையும் உருவாக்கிய பாசன வலையின் பகுதிகள். பயிருக்கு நீர்விடும் காலத்தில் அவற்றில் படகு ஓடும். கோடையில் கால்வாயை மூடிப் பராமரிக்கும் காலத்தில் ஓடாது. பெத்தகஞ்சாமுக்குத் தெற்கே நிலை வேறு. அங்கு நீர் உப்பு. அதன் ஏற்ற இறக்கம் கடலின் ஓதத்தைச் சார்ந்தது. ஆகவே இம்முழுப் பயணத்தை மேற்கொண்ட படகோட்டி இரண்டு நாட்காட்டிகளை அறிந்திருக்க வேண்டும்: ஒன்று உழவருடையது, மற்றொன்று நிலவுடையது.

கால்வாய் ஆறுகளைக் குறுக்கிடும் இடங்களில் ‘லாக்’ எனப்பட்ட இரட்டைக் கதவு அமைப்புகள் இருந்தன. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, முன்கதவின் மதகைத் திறந்து, இருபுற நீர்மட்டமும் சமமானதும் படகை வெளியே விடுவார்கள். ஓதம் இறங்கும்போது கால்வாய் நீர் ஆற்றின் வழியே கடலுக்கு ஓடிவிடாமல் காத்ததும் இக்கதவுகளே. ஆற்றின் முகத்துவாரம் மணல் திட்டால் மூடிக்கொண்டால் நீர்மட்டம் வேறாகும். வெள்ளம் வந்து திட்டு உடைந்தால் மறுபடியும் வேறாகும். கடவைகளில் படகுகள் வரிசையாகக் காத்துக்கிடந்தன என்றால் காரணம் பெரும்பாலும் அந்த மணல்தான்.

பழவேற்காடு ஏரியில் பாய் விரிக்கலாம். குறுகிய கால்வாயில் காற்று உதவாதபோது கழி ஊன்றித் தள்ள வேண்டும். அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுக்க வேண்டும். மணிக்கு 3 கிலோமீட்டர் வீதம் நாளுக்குப் பத்து மணி நேரம் இழுத்தாலும், பெத்தகஞ்சாமிலிருந்து சென்னைக்குப் பத்து நாட்களுக்கு மேலாகும் என்பது எளிய கணக்கு. ஆக, இன்றைய சுற்றுலா விளம்பரம் சொல்லும் ‘பல நாள் பயணம்’ அன்று கயிறு இழுத்தவரின் வேலைநாட்களின் எண்ணிக்கை. சமைப்பதும் உறங்குவதும் மழைக்கு ஒதுங்குவதும் சரக்கின் மேலேயே. பொதுப்பணித் துறையின் ஆண்டறிக்கைகள் படகுகளின் சுமையையும் வசூலான சுங்கத்தையும் கணக்கிட்டன. இழுத்தவர்களைப் பற்றிப் பேச அவற்றில் பத்தி கிடையாது.

சொகுசுப் பயணமும் இதே நீரில் நடந்தது. சென்னையில் மாலையில் படகேறி, இரவைப் படகில் கழித்து, காலையில் மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண்பது ஐரோப்பியப் பயணிகளுக்கும் சென்னைவாசிகளுக்கும் வழக்கமான உலாவாக இருந்தது. 1930களில் பாரதிதாசன் நண்பர்களோடு இவ்வழியே சென்றதன் விளைவு ‘மாவலிபுரச் செலவு’ என்னும் கவிதை. தமிழிலக்கிய மாணவர்கள் அதை இயற்கைக் கவிதையாகப் படிக்கிறார்கள். போக்குவரத்து வரலாற்று மாணவர்கள் அதை ஆவணமாகவும் படிக்க வேண்டும்.

5. நகரம் எதை உண்டது, எதை எரித்தது

படகில் சென்னைக்கு வந்தவற்றுள் முதலாவது உப்பு. 1805 முதல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமை. எண்ணூர், அத்திப்பட்டு வட்டார அளங்களும் நெல்லூர்க் கரையின் அளங்களும் தெற்கே மரக்காணம், செய்யூர் அளங்களும் கால்வாயின் ஓரத்திலேயே அமைந்தவை. சென்ட்ரல் நிலையத்துக்கு அருகிலுள்ள சரக்கு நிலையத்தின் பெயர் ‘சால்ட் கொட்டார்ஸ்’. பலர் அதைக் ‘குவார்ட்டர்ஸ்’ என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது கொட்டாரம், உப்புச் சேமித்த களஞ்சியம். அடுத்துள்ள பேசின் பாலத்தின் ‘பேசின்’ கால்வாய்ப் படகுகள் தங்கிய நீர்த்தேக்கம். ரயில் பயணிகள் அன்றாடம் உச்சரிக்கும் இரண்டு பெயர்களும் படகுக் காலத்தின் எச்சங்கள்.

இரண்டாவது விறகு. சமையல் எரிவாயு வருவதற்கு முன் ஒரு பெருநகரம் தன் அடுப்பெரிக்க ஒரு காட்டை வைத்திருக்க வேண்டும். சென்னைக்கு அக்காடுகளில் ஒன்று பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையிலிருந்த ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு. விறகு கால்வாய் வழியே நகரம் வந்தது. அதை வெட்டியவர்களும் காட்டுப்பொருள் சேகரித்தவர்களும் பெரும்பாலும் யானாதிப் பழங்குடியினர். 1969இல் அத்தீவு விண்வெளி ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. யானாதியர் தங்கள் வாழிடங்களை இழந்து இடம்பெயர்ந்தனர். சென்னையின் விறகுக் காடாக இருந்த தீவு, இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோவின் ஏவுதளம். படகு வராத நகரம் இவ்வகையில் அக்கால்வாயின் வரலாற்றுக்குள் வந்து சேர்கிறது.

நெல், மிளகாய், புகையிலை, சுண்ணாம்புக்குரிய கிளிஞ்சல் ஆகியனவும் வந்தன. அவசரமற்றதும் எடை மிகுந்ததும் விலை குறைந்ததுமான சரக்கு நீரைத் தேர்ந்தது. ரயில் கட்டணம் தாங்காத பொருளை எவர் சுமப்பது என்ற கேள்விக்குக் கால்வாயே விடையாக இருந்தது.

6. ரயில் கொன்றதா?

நீர்வழியா, ரயிலா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய கொள்கை விவாதம். ஆர்தர் காட்டன் நீர்வழியின் வழக்கறிஞர். கல்கத்தாவிலிருந்து கங்கை, சிந்து வழியாகக் கராச்சி; காக்கிநாடாவிலிருந்து கோதாவரி, தப்தி வழியாகச் சூரத்; துங்கபத்திரை வழியாக மேலேறிக் கார்வார்; பாலக்காடு, கோயம்புத்தூர் வழியாக மேற்குக் கரை என நாட்டையே குறுக்கும் நெடுக்கும் கால்வாய்களால் இணைக்கும் திட்டத்தை அவர் முன்வைத்தார். 1878இல் பஞ்சத்தின் நிழலில் கூடிய நாடாளுமன்றக் குழு அதை ஏற்கவில்லை. ரயில் நிறுவனங்களுக்கோ அரசு 5 விழுக்காடு ஆதாயம் உறுதியளித்திருந்தது. ரமேஷ் சந்திர தத் தம் பொருளாதார வரலாற்றில் இந்த ஏற்றத்தாழ்வைக் கடுமையாகச் சுட்டினார்.

காட்டனின் கனவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தக்காணத்தின் உயரத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்றே கருதுகிறேன். நீரை மேட்டுக்கு ஏற்ற ஒவ்வொரு சில மீட்டருக்கும் ஒரு லாக் தேவை. ஒவ்வொரு லாக்குக்கும் மேலிருந்து வரும் நீர் தேவை. பெங்களூர் போன்ற மேட்டில், பருவமழையை நம்பிய ஆறுகளில், அந்நீர் கிடையாது. பெங்களூருக்கு 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தது ரயில். படகு வருவதற்கு இயற்கையே இடம் தரவில்லை. கடற்கரையோ வேறு. அங்கு மேடு இல்லை, ஓதநீர் உண்டு. அங்கும் 1899இல் சென்னை–விஜயவாடா ரயில்பாதை முழுமையடைந்தது. ‘ரயில் கொன்றது’ என்போர் அந்த ஆண்டைத்தான் மனத்தில் கொள்கிறார்கள்.

ஆனால் கால்வாய் அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. விறகும் உப்பும் தொடர்ந்து படகில் வந்தன. அதன் முடிவு படிப்படியாக நேர்ந்தது. லாரிகள் வாயில் வரை சரக்கைக் கொண்டுசேர்த்தன. தூர்வாரும் செலவு வருவாயை மிஞ்சியது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கரைகளையும் கட்டுமானங்களையும் சிதைத்தன. அவை போதிய அளவில் சீர்செய்யப்படவில்லை. சென்னை நகருக்குள் கால்வாய் கழிவுநீரின் வாங்கியாயிற்று. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயின் படுகையிலேயே ஊன்றப்பட்டன; 1995இல் கடற்கரை–சேப்பாக்கம் பாதை தொடங்கியது. 1877–78இல் பஞ்சத்தில் வந்தோர் வெட்டிய அதே 8 கிலோமீட்டர்ப் பகுதி இது. ரயில் கால்வாயைக் கொன்றது என்ற வாக்கியம் நகருக்குள் உண்மையாவது 1899இல் அன்று, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே. அதற்குள் கால்வாயை நிலமாகப் பார்க்க நகரம் பழகிவிட்டிருந்தது. ஒதுக்கீடு செய்யாத நிதிநிலை அறிக்கைகளும் பராமரிக்காத துறைகளும் செய்ததை ஒரு தொழில்நுட்பத்தின் தலையில் ஏற்றுவது, பொறுப்பை வரலாற்றின் விதியாக மாற்றிவிடும்.

7. மீண்டும் படகு வருமென்றால்

2008 நவம்பரில் காக்கிநாடா–புதுச்சேரி நீர்வழி, கோதாவரி, கிருஷ்ணா ஆகியவற்றின் பகுதிகளோடு சேர்த்து 1,078 கிலோமீட்டர் நீளமுள்ள தேசிய நீர்வழி எண் 4 ஆக அறிவிக்கப்பட்டது. 2016இன் சட்டம் நாட்டில் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகளாக்கியது. எனவே கால்வாய் காகிதத்தில் உயிரோடு இருக்கிறது. 2004 ஆழிப்பேரலையின்போது கடலிலிருந்து பாய்ந்த நீரைப் பல இடங்களில் இக்கால்வாய் வாங்கிக்கொண்டு பின் மெல்ல வெளியேற்றியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். படகு ஓடாவிட்டாலும் கடற்கரைக்கு அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மழைவெள்ளத்தின்போது தென்சென்னையின் நீர் வடிவதற்கும் அதுவே வழி.

மீட்பு என்ற சொல்லை ஆய்வாளர்கள் கவனத்தோடு கையாள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சென்னையில் நீர்நிலை மீட்பின் பெயரால் கரையோரக் குடியிருப்புகள் அகற்றப்பட்டு, மக்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். கால்வாயை அடைத்த பெரும் கட்டுமானங்களோ அசையவில்லை. பசித்தவர்களைக் கொண்டு வெட்டிய கால்வாயை, ஏழைகளை அகற்றித் தூய்மைப்படுத்தி, சொகுசுப் படகுக்கு ஒப்படைப்பது மீட்பாகாது.

முதுகலை, ஆய்வு மாணவர்களுக்குச் சில குறிப்புகள். மூன்று வேலைகள் காத்திருக்கின்றன. முதலாவது, லாக்குகளின் எச்சங்களையும் சுங்கச்சாவடிகளையும் இழுவைக் கரைகளையும் தூர்வாரும் இயந்திரம் வருமுன் அளந்து, படமெடுத்து, வரைபடத்தில் குறிப்பது. இரண்டாவது, 1960களில் இளைஞராகப் படகில் வேலை செய்தவர்கள் இன்று எண்பதைக் கடந்திருப்பார்கள். பழவேற்காட்டிலும் மரக்காணத்திலும் நெல்லூர்க் கரையிலும் தமிழ், தெலுங்கு இரு மொழிகளிலும் வாய்மொழி வரலாறு சேகரிக்க இன்னும் சில ஆண்டுகளே உண்டு. மூன்றாவது, சென்னை ஆவணங்களையும் மைசூர் ஆணையர் காலத்துப் பஞ்ச ஆவணங்களையும் சேர்த்துப் படிப்பது. மாநில எல்லைகள் நம் ஆய்வு எல்லைகளாகிவிட்டதால், ஒரே பஞ்சத்தின் கால்வாயும் ரயிலும் இரு வேறு துறைகளின் பாடங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. பெங்களூரில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் அறிந்த மாணவர்கள் ஒரே வகுப்பறையில் அமர்கிறார்கள். இந்த ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான நகரம் வேறில்லை.

இந்த மூன்றில் எதையேனும் தொடங்க விரும்புவோர் எழுதுங்கள். சேர்ந்து திட்டமிடலாம்.